வருகை: எண்பத்தேழு

சனிக்கிழமை இரவு பத்து மணி.
அங்கே பிற்பகல் மூன்று.
புக்கிட் பாத்தோக் கோப்பிக்கடைப் பெருந்திரையில்
உலகம் முழுக்கத் தெரிந்த இரண்டு அணிகள்.
என் மேசையில் சீனியில்லாத கோப்பி ஓ,
கைப்பேசியில் படமில்லாத ஒரு வரி:
"மழை. 0–0. பை தீர்ந்துவிட்டது."

எழுதுகிறவர் மொராக்.
ஆஃடர்முயர் ரோவர்ஸின் செயலாளர், பொருளாளர்,
வாசலில் சீட்டுக் கிழிப்பவரும் அவரே.
பந்து வேலி தாண்டி ஆடுகளுக்கு நடுவே விழுந்தால்
எடுக்கப் போவதும் அவர்தான்.
அந்த நிமிடங்களில் எனக்கு
ஸ்காட்லாந்தே இல்லை.

"எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்பார் பக்கத்து மேசை மூசா.
இந்த ஆட்டத்துக்கு இத்தீவில் எவரும் சீட்டு விற்பதில்லை.
காசில்லாமல் ஒரு தோல்வியை
ஏன் வாங்குகிறாய் என்று அவருக்கு நியாயமான சந்தேகம்.

நான் வாங்கியது ஒரு பெயரை.
வேலையில்லாத இரவுப்பணி ஒன்றில்
கோப்பையின் முதல்நிலைச் சுற்று அட்டவணையை
வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.
ழகரத்துக்குப் பழகிய நாக்கு
இந்த ஊரில் வந்து தடுக்கியது.
தொண்டையில் காற்று உரசவேண்டுமாம்.
தேடித் தேடிக் கடைசியில்
அஃதும் எஃகும் தவிர வேலையற்றிருந்த
மூன்று புள்ளியைக் கூப்பிட்டேன்.
ஆஃடர்முயர்.
அன்றைக்கு ஆறு கோல் வாங்கினார்கள்.
விட மனம் வரவில்லை.

இன்று ஒன்றுக்கு ஒன்று.
கூடுதல் நேரம் தொடங்கும்போது அழைப்பு:
புளோக் 287, எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில்
மின்தூக்கிக்குள் ஒருவர்.

கதவின் மறுபக்கம் ஹைக்கல்,
உணவு கொண்டுபோகிறவன்.
பதினான்காம் மாடிக்கு இரண்டு லக்சா.
"அண்ணே, கயிறு அறுமா?"
அறாது என்றேன். நம்பவில்லை.
ஐந்து கயிறு என்றேன். அதையும் நம்பவில்லை.
பை அதிர்ந்தது; வாய்தவறிச் சொன்னேன்:
"பெனால்டி."
"யாருக்கு?"

பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே சொன்னேன்,
எட்டாம் எண் தபால்காரன்,
கோல்கீப்பர் பள்ளியில் கணக்கு வாத்தியார்,
எதிரணி இரண்டு மலை தாண்டி
வாடகைப் பேருந்தில் வந்தது.
தபால்காரன் அடித்துவிட்டான் என்றதும்
உள்ளே தகரம் அதிரத் தட்டினான்.
"தட்டாதே" என்றேன்.
அடுத்த கோலுக்கும் தட்டினான்.

நான்குக்கு நான்கு.
அவர்கள் ஐந்தாவதையும் போட்டார்கள்.
நம் பையன் பந்தை வைக்கிறான், பதினெட்டு வயது,
என்று எழுதிவிட்டு மொராக் நின்றுபோனார்.

மின்தூக்கி ஒரு சாண் ஏறியது. இரண்டு சாண்.
கதவு திறந்தது.
வெளியே வந்த ஹைக்கல் போகவில்லை.
வேர்வை வழியும் இரண்டு தலைகள்
உள்ளங்கையளவு வெளிச்சத்தின் மேல்.
வேலியா, ஆடா, மழையா,
கைப்பேசியைக் கோட்டுக்குள் வைத்துவிட்டாரா?
லக்சா ஆறியது.
எட்டாம் மாடியில் யாரோ குழாயை மூடினார்கள்.

"கம்பத்தில் பட்டது. வெளியேறினோம்.
வருகை 87. வலை கழற்ற ஆள் வேண்டும்."

"இனி?" என்றான்.
"அடுத்த ஆகஸ்ட். முதல்நிலைச் சுற்று."
"ஓ," என்றான், "மறுபடி தரைத்தளம்."
பிறகு, சரிசெய்த மின்தூக்கியை ஒருமுறை பார்த்துவிட்டு
மீதி மாடிகளைப் படியில் ஏறினான்.
மூன்றாவது திருப்பத்திலிருந்து குரல் வந்தது:
"அந்தப் பையனை யாராவது
வீட்டில் கொண்டுபோய் விடுவார்களா?"

தெரியாது.
பதிவேட்டில் எழுதினேன்:
காரணம், கதவு உணரியில் தூசி.
நேரம் 12.52.
சிக்கியவர் ஒருவர்
என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.